படம் போட்டு அழைத்த துறைமுகம்

சுவான்சோ நகரத்தின் பட வரைபடத்தைக் கைபேசியில் திறந்ததும் கண்ணில் முதலில் நிற்பவை இரண்டு கல் கோபுரங்கள். அந்த ஊரில் அவற்றைவிட உயரமான அடுக்குமாடிகள் எத்தனையோ இருக்கின்றன. வரைந்தவர் அவற்றையெல்லாம் சிறுக்க வைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, கோபுரங்களை வானளவு நிமிர்த்தியிருக்கிறார். சுற்றிலும் செங்கல் நிறச் சந்துகள், இரு முனையும் மேல்நோக்கி வளைந்த ஓட்டுக் கூரைகள், ஒரு பள்ளிவாசலின் கல் வளைவு, ஆற்றில் பாய் விரித்த மரக்கலம், தெருவோர மரங்களில் சிவப்புப் பூக்கள். விரலால் விரித்தால் வீடுகள் பெரிதாகின்றன. ஜன்னல் தெரிகிறது, தேநீர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிகிறார். கோபுரத்தின் மேல் விரல் வைத்தால் அதன் கதையை ஒரு குரல் சொல்லத் தொடங்குகிறது. நாம் நடக்க நடக்க, அந்த ஓவியத்துக்குள் ஒரு நீலப் புள்ளியும் சந்து சந்தாக நடக்கிறது.

சீனாவுக்குப் போக நான் ஆசைப்பட்டதற்கு இந்தப் படம் ஒரு காரணம். சுவான்சோவில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு இன்னொரு காரணம். போய்ப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. தன்னை வரைந்து வைத்துக்கொண்ட ஊர் மறக்கப்படுவதில்லை.

நான் கட்டுமாவடிக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்தில், பாக் விரிகுடாவை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். விடிகாலை மீன் ஏலமும், நண்டும் இறாலும் வாங்க வரிசையாக நிற்கும் வெளியூர் வண்டிகளும்தான் ஊருக்குப் பேர். கடலுக்குப் போன என் பெரியப்பாவிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி விசாவைப் பற்றியோ செலவைப் பற்றியோ அல்ல.

"எழுநூறு வருசத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுக அங்க போயி கோயில் கட்டியிருக்காங்க, பெரியப்பா."

"அப்புடியா? எந்தக் காத்துல போனாங்களாம்?"

அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஊரை வரையும் பழக்கம்

நகரத்தை ஓவியமாக்கி இணையத்தில் வைப்பதில் சீனர்கள் வெகுநாள் முன்பே இறங்கிவிட்டார்கள். ஹாங்சோ நகரத்தில் பிறந்த 'இ-தூஷி' என்ற நிறுவனம் 2000-களிலேயே பல நகரங்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்து, பறவை சாய்ந்து பார்க்கும் கோணத்தில் இணையத்தில் வைத்தது. பைடு நிறுவனமும் 2010 வாக்கில் பெருநகரங்களுக்கு அதே பாணியில் முப்பரிமாண வரைபடம் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் படம் கூரையை மட்டும் காட்டும். சாதாரண வரைபடம் கோட்டை மட்டும் காட்டும். சாய்ந்த கோணத்தில் வரைந்த படத்திலோ கடையின் முகப்பும் கோயிலின் வாசலும் தெரிகின்றன. தெருவில் நிற்பவர் அடையாளம் காணத் தேவையானதும் அதுதான்.

இந்தக் கோணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நாம் பழகிய புகைப்படத்தில் தொலைவில் இருப்பது சிறுத்துப் போகும். இந்த வகை வரைதலில் சிறுக்காது. கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகவே ஓடும், ஊரின் எந்த மூலையும் பார்வைக்கு ஒரே தூரத்தில் இருக்கும். சீன ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் கட்டடங்களை வரைந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாங் சேதுவான் வரைந்த புகழ்பெற்ற நீள்சுருள் ஓவியம் 5 மீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. அதை ஒரு பக்கமிருந்து சுருட்டி மறுபக்கம் விரித்துக்கொண்டே போனால் சோங் வம்சத் தலைநகரின் ஆறு, வளைவுப் பாலம், சுமை தூக்கிகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் கடந்து போகும். 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் அந்த ஓவியத்தை நூறு மீட்டருக்கும் நீளமான சுவரில் உயிரூட்டிக் காட்டினார்கள். ஆட்கள் நடந்தார்கள், படகுகள் நகர்ந்தன, பகல் போய் இரவு வந்தது.

இந்தப் பழக்கத்தின் இன்னொரு பாட்டன் சுசோ நகரத்தில் கல்லில் இருக்கிறார். 1229-இல் ஓர் ஆளைவிட உயரமான பலகைக் கல்லில் அந்த நகரம் முழுவதையும் செதுக்கி வைத்தார்கள். கால்வாய்கள், நூற்றுக்கணக்கான பாலங்கள், கோட்டைச் சுவர், கோயில்கள். தெருக்களை மேலிருந்து பார்ப்பதுபோலவும் கட்டடங்களை எதிரே நின்று பார்ப்பதுபோலவும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இன்று கைபேசியில் நாம் விரிக்கும் பட வரைபடமும் அதே உத்தியில்தான் நிற்கிறது.

இப்போதைய வரைபடங்கள் உருவாகும் விதமும் சுவையானது. முதலில் அளந்து எடுத்த உண்மையான வரைபடத்தில் சில இடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள்: இந்த நாற்சந்தி, அந்தப் பாலத்தின் முனை, கோயில் வாசல். ஓவியர் அதன்மேல் கையால் வரைகிறார். பெரிதாக்க வேண்டியதைப் பெரிதாக்குகிறார், நெரிசலான சந்தைக் கொஞ்சம் விரிக்கிறார். பிடித்து வைத்த இடங்கள் மட்டும் அசையக்கூடாது. புள்ளி வைத்துவிட்டு அதைச் சுற்றி வளைத்துக் கோலம் போடுவதைப் போன்ற வேலை. கடைசியில் அந்தப் பெரிய ஓவியத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைக்கிறார்கள். ஒவ்வொரு படி நெருங்கும்போதும் முந்தைய ஒரு சதுரத்தின் இடத்தில் நான்கு சதுரங்கள் வந்து உட்காரும். கைபேசி, திரையில் தெரியும் சதுரங்களை மட்டும் இறக்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒரு நகரமே கையில் இருந்தாலும் படம் தடங்கலில்லாமல் விரிகிறது.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் 2018-இல் வீசாட் செயலிக்குள்ளேயே திறக்கும் ஒரு சிறுசெயலியைக் கொண்டுவந்தது. இப்போது சுற்றுலாத் தலங்களில் நுழைவாயிலிலேயே ஒரு க்யூஆர் சதுரம் ஒட்டியிருக்கிறது. கைபேசியை அதன்மேல் காட்டினால் அந்த இடத்தின் ஓவியம் விரிகிறது, தொட்ட இடம் பேசுகிறது. எழுத்து தெரியாத ஊரில் இது எவ்வளவு பெரிய துணை என்பதைப் போய் நின்றால்தான் உணர முடியும். சீன எழுத்தில் ஒன்றைக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோபுரத்தின் படம் கோபுரம்தான், மீன் கடையின் படம் மீன் கடைதான்.

திருச்சியிலிருந்து சைத்தூன்

திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ஷியாமென் நகரத்தில் இறங்கினேன். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறி உட்கார்ந்து சன்னல் வழியே இரண்டு மலையும் ஒரு கழிமுகமும் பார்ப்பதற்குள் சுவான்சோ வந்துவிட்டது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். நாம் இங்கே பழகிய கூகுள் சேவைகள் சீனப் பெருநிலத்தில் இயங்குவதில்லை. அங்கே எல்லோர் கையிலும் இருப்பவை கௌதே, பைடு வரைபடங்கள். பணம் கொடுக்க வீசாட்டும் அலிபேயும். வெளிநாட்டு அட்டைகளையும் அவற்றில் இணைத்துக்கொள்ளலாம், ஊரில் இருக்கும்போதே இணைத்துவிடுவது நல்லது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சீனச் சட்டப்படி பொதுமக்களுக்கான வரைபடங்கள் உலகப் பொது ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளை அப்படியே பயன்படுத்துவதில்லை. அரசு வகுத்த ஒரு கணக்கின்படி இடங்கள் சில நூறு மீட்டர் நகர்த்திக் குறிக்கப்படுகின்றன. உள்நாட்டுச் செயலிகள் அதற்கேற்பத் திருத்திக்கொள்வதால் சரியாகவே காட்டும். வெளிநாட்டுச் செயலிகளில் தெருவின் நடுவில் நிற்கும் ஆள் ஆற்றுக்குள் நிற்பதாகத் தெரியலாம்.

இங்கேதான் ஓவிய வரைபடம் கைகொடுக்கிறது. அது எண்ணை நம்பச் சொல்வதில்லை, கண்ணை நம்பச் சொல்கிறது. இரண்டு கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்பட்டுத் தெரிந்தால் மேற்குத் தெருவில் நிற்கிறோம், பள்ளிவாசல் வளைவு வலப்பக்கம் வந்தால் கோயில் அடுத்தது. ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன் எங்கள் ஊரில் வலை போட்ட இடத்தைக் குறித்துக்கொண்டதும் இப்படித்தான். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் கொண்டுவந்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை நேர்படுத்தினால் கடலின் நடுவே ஓர் இடம் கிடைத்துவிடும்.

சுவான்சோ மாலுமிகளும் அதையே செய்தார்கள். ஊருக்கு வெளியே கடலைப் பார்த்த குன்றில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. கடல் போனவனுக்காக அவன் மனைவியும் தங்கையும் அதன்மேல் ஏறி நின்று காத்திருந்ததாக ஊரில் கதை சொல்கிறார்கள். ஷிகு துறையருகே இன்னொரு கோபுரம். துறைக்குள் வரும் கப்பல்கள் இவற்றைப் பார்த்துத்தான் நீர்வழியைப் பிடித்தன. பட வரைபடத்தில் இவ்விரண்டும் ஊர் எல்லையில் காவல் நிற்பதுபோலப் பெரிதாகத் தெரிந்தன. மாலுமிக்கு எது பெரிதோ அதையே ஓவியரும் பெரிதாக்கியிருக்கிறார்.

மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதி வைத்த துறைமுகம் இதுதான். இபின் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கியதும் இங்கேதான். 2021-இல் யுனெஸ்கோ இதன் 22 இடங்களை ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஊரின் அடையாள மரம் நம் வேலியோரத்தில் நிற்கும் கல்யாண முருங்கை. படத்தில் தெருவோரம் சிவந்திருந்தது அதன் பூதான்.

புத்தர் கோயிலில் நரசிம்மர்

கையுவான் கோயில் 686-இல் தோன்றியது. அதன் கிழக்கிலும் மேற்கிலும் நிற்பவைதான் அந்த இரண்டு கோபுரங்கள். முதலில் மரத்திலும் பிறகு செங்கல்லிலும் இருந்தவற்றை 13-ஆம் நூற்றாண்டில் கல்லில் எடுத்துக் கட்டினார்கள். கிழக்குக் கோபுரம் ஏறக்குறைய 48 மீட்டர், மேற்கு 44 மீட்டர். 1604-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்பவை. அண்ணாந்து பார்த்துவிட்டு, வரைபடத்தில் பெருமண்டபத்தைத் தொட்டேன். பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகச் சொன்னது குரல்.

பின்பக்கம் கூட்டமில்லை. பதினாறு பட்டை இட்ட இரண்டு கருங்கல் தூண்கள். பட்டைகளின் நடுவே வட்டங்கள், வட்டத்துக்குள் சிற்பங்கள். முதல் வட்டத்தைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. மடியில் இரணியனைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். அடுத்த வட்டத்தில் முதலையிடம் சிக்கிய யானையை விடுவிக்க வரும் திருமால். இன்னொன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே குழந்தைக் கண்ணன். குடுமியான்மலைக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் போய் வளர்ந்த கண்ணுக்கு ஒரு விளக்கப் பலகையும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்த பாட்டி என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த வத்திகளில் மூன்றை எடுத்து நீட்டினார். அந்தத் தூணின் எதிரில் நின்று கும்பிட்டேன். புத்தரின் வீட்டுக்குள் திருமால் இருப்பதில் அங்கே யாருக்கும் குழப்பமில்லை.

இடிந்துபோன ஒரு சிவன் கோயிலின் கற்களும் இந்த ஊரில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. பல, கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு கல்லில் யானை ஒன்று துதிக்கையால் லிங்கத்துக்குப் பூச் சாற்றுகிறது. திருவானைக்காவல் கதையைச் சொல்லும் கல்லைச் சீனத்தில் நின்று பார்த்தபோது, அதைச் செதுக்கிய சிற்பியோ செதுக்கச் சொன்னவரோ காவிரிக்கரையைக் கண்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாகத் தோன்றியது.

1956-இல் இந்த ஊரில் கண்டெடுத்த கல்வெட்டுத்தான் எல்லாவற்றுக்கும் சான்று. தமிழில் எழுதி, கடைசியில் ஒரு வரி சீன எழுத்தும் சேர்த்திருக்கிறார்கள். சக ஆண்டு 1203 சித்திரை மாதம், அதாவது 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்தி என்ற பட்டம் பெற்ற சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலியப் பேரரசரின் நலனுக்காக, அவருடைய ஆணைப்படியே, திருக்கதலீசுவரத்தில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அரியணையில் இருந்தவர் குப்லாய் கான். பாண்டிய நாட்டில் அப்போது மாறவர்மன் குலசேகரன் ஆட்சி. அதே 1281-இல் யாங் திங்பி என்ற சீனத் தூதர் சுவான்சோவில் கப்பலேறிப் பாண்டியர் கரைக்கு வந்தார். ஒரே ஆண்டில் இந்தக் கரையின் வேண்டுதல் அங்கே கல்லில் ஏறியிருக்கிறது, அந்தக் கரையின் தூது இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

காற்றைக் கேட்டு நின்றவர்கள்

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் ஊருக்கு மேற்கே ஜியூரி என்ற குன்றில் இருந்தது. பட வரைபடத்தில் அங்கே பாறையும் மரமும் வரைந்து, மேலே வளைவு வளைவாகக் காற்றையும் போட்டிருந்தார்கள். குன்றின் பாறைகளில் சோங் காலக் கல்வெட்டுகள். கடல் வணிகத்தைக் கவனித்த அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை இங்கே வந்து நல்ல காற்று வேண்டிப் பூசை செய்துவிட்டு, வந்தவர் பெயரையும் நாளையும் பாறையில் வெட்டி வைத்தார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அப்படிப்பட்ட பத்துக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன.

குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கி மலாய்க் கரை வழியாக நம் பக்கம் வந்தன. கோடையில் தென்மேற்குக் காற்று பிடித்ததும் திரும்பின. நம் ஆட்கள் போனதும் அந்தத் தென்மேற்குக் காற்றில்தான். காற்று மாறும்வரை துறையில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். தங்கினால் கடை போடுவார்கள், குடும்பம் வரும், கும்பிடக் கோயில் வரும். திருக்கதலீசுவரம் அப்படி எழுந்ததாகத்தான் இருக்க வேண்டும். தூமென் தெருவில் 1009-இல் தோன்றிய கல் பள்ளிவாசலுக்குச் சில அடி தள்ளி குவான்தி என்ற சீனத் தெய்வத்தின் கோயில் இருக்கிறது, அதிலிருந்து நடந்தால் மாலுமிகளின் காவல் தெய்வமான மாத்சுவின் கோயில். பாரசீகரும் அரபியரும் தமிழரும் ஒரே காற்றுக்குக் காத்திருந்த தெருக்கள் இவை.

1974-இல் சுவான்சோ கழிமுகச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் ஒன்றும் கையுவான் கோயில் வளாகத்தில் இருக்கிறது. மிஞ்சிய அடிப்பாகமே 24 மீட்டர் நீளம். உள்ளே குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஓட்டை விழுந்து ஓர் அறையில் தண்ணீர் ஏறினாலும் கப்பல் மூழ்காது. மிளகும் வாசனைக் கட்டைகளும் அதில் கிடைத்தன. படகு கட்டும் ஆசாரிகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பலகைப் பொருத்துகளை விட்டு நகர எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

கிளிஞ்சல் சுவரும் தலைப்பூவும்

வரைபடத்தின் கடலோர மூலையில், பூ வளையம் சூடிய ஒரு பெண்ணின் முகத்தை வரைந்திருந்தார்கள். அது ஷுன்பு என்ற மீனவர் கிராமம். பேருந்தில் போய் இறங்கியதும் மூக்குக்கு வந்தது சொந்த ஊர் வாசனை: ஈரவலை, ஆளிச் சிப்பி, உப்பு. வீட்டுச் சுவர்கள் பெரிய ஆளி ஓடுகளால் கட்டியவை. தூர தேசம் போய் வந்த கப்பல்கள் அடிப்பாரத்துக்கு ஏற்றி வந்த ஓடுகள் என்று ஊரில் சொல்கிறார்கள். உப்புக் காற்று அரிக்காது, மழை நிற்காமல் வழிந்துவிடும்.

வாசலில் உட்கார்ந்து ஆளி உடைக்கும் பெண்கள், கொண்டையைச் சுற்றி மல்லிகையும் செவ்வந்தியும் வளையம் வளையமாகச் சூடியிருந்தார்கள். வேலைக்கே அப்படித்தான் வருகிறார்கள். இந்த வழக்கத்தைச் சீன அரசு 2008-இல் தேசிய மரபாக அறிவித்திருக்கிறது. இப்போது நாடெங்குமிருந்து இளம்பெண்கள் வந்து அதே மாதிரி பூச் சூடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டுமாவடி மீன் சந்தையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு நண்டு தரம் பிரிக்கும் எங்கள் ஊர் அக்காமார்களின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். ஆளி உடைத்துக்கொண்டிருந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பூவைப் பார்த்தார், பிறகு நண்டைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நண்டு கிலோ என்ன விலை என்பதுதான் அவர்கள் கேட்டது. சொன்னேன். தங்கள் ஊர் விலையைச் சொன்னார்கள். பேச்சு நீண்டது.

ஆளிக்கு இந்த ஊரில் இன்னொரு பெருமையும் உண்டு. 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்த லுவோயாங் பாலம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 700 மீட்டருக்கு மேல் கல்லால் நீள்கிறது. ஏற்ற இறக்கம் மிகுந்த அந்த நீரில் அடித்தளக் கற்கள் நகராமலிருக்க, அவற்றின்மேல் ஆளியை வளர்த்தார்கள். ஆளி ஒட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக வளரும், கல்லையும் கல்லையும் இறுகப் பிணைக்கும். அன்றைய பொறியாளர்கள் உயிருள்ள சாந்தால் பாலம் கட்டியிருக்கிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் போனால், தூண்களைச் சுற்றி ஆளி அப்பியிருப்பதையும் பெண்கள் குனிந்து கொத்துவதையும் பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம். இந்தச் செய்தியை எனக்குச் சொன்னதும் வரைபடம்தான். பாலத்தின் காலடியில் ஓவியர் சின்னதாக ஓர் ஆளியை வரைந்திருந்தார், தொட்டேன், சொன்னது.

நம் கரைக்கு ஒரு படம்

இத்தனையையும் பார்த்த பிறகு மனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது எங்கள் கரையில்தான். சுவான்சோவுக்குச் சளைத்த கதைகள் அல்ல இங்கே இருப்பவை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒலையகுன்னத்திலும் மன்னார்குடிப் பக்கம் தாலிக்கோட்டையிலும் பழைய சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. ராமநாதபுரம் பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் சில்லுகள் வந்தன. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்றே மக்கள் அழைத்த செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். திருப்பெருந்துறை என்ற ஆவுடையார்கோவில், மதுரை மன்னனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரைக்கு வந்த மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட ஊர். கடல்வழி வந்த குதிரைகளின் நினைவு கல்லாக அந்த மண்டபங்களில் நிற்கிறது. இவை எல்லாம் கட்டுமாவடியிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வண்டி இங்கே மீன் வாங்கிக்கொண்டு ராமேசுவரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் அதற்குப் படம் போட்டுக் காட்டவில்லை.

போட்டால் என்னவெல்லாம் வரும்? வடக்கே சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, அடுக்கடுக்காகக் கடலைப் பார்த்தபடி. அதைவிடப் பெரிதாகக் கட்டுமாவடி மீன் ஏலம். நிலத்தை விட்டுக் கடலுக்குள் போனால் கடற்புல் வெளி, அதை மேயும் ஆவுளியா என்ற கடல்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கி.மீ. கடற்பரப்பை 2022-இல் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் இதுவே முதல். மணமேல்குடி, கோட்டைப்பட்டினத்துத் தர்கா, ஜெகதாப்பட்டினத்துப் படகுகள், மீமிசல், உள்ளே ஆவுடையார்கோவிலின் கல் கொடுங்கை. எந்த மாதம் எந்தக் காற்று, எந்தக் காற்றில் எந்த மீன் என்பதை ஓரத்தில் வரைந்துவிடலாம். தொட்டால் பேசும் குரலுக்கு வெளியே தேட வேண்டாம், பெரியப்பா மாதிரி ஆட்கள் ஒவ்வொரு கரையிலும் இருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. யாரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய திறந்த வரைபடம் 2004-லிருந்தே உலகில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்கப் பெரும்பாலும் முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை. அசையாமல் பிடித்து வைக்கப் பத்துப் பன்னிரண்டு இடங்கள், வரையத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள், அவர்களை வழிநடத்த ஓர் ஓவிய ஆசிரியர், கதை சொல்லக் கடலுக்குப் போனவர்கள் போதும். எதைப் பெரிதாக வரைவது என்று உட்கார்ந்து பேசும்போதே, எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சும் வந்துவிடும். சுவான்சோவில் நான் கற்றுக்கொண்டது அதுதான். இரண்டு கோபுரங்களை ஊர் பெரிதாக வரைகிறது, அதனால் பிள்ளைகளுக்கு அவை பெரிதாகத் தெரிகின்றன, அதனால் அவை நிற்கின்றன. நாம் பெரிதாக வரையாத கோபுரம் ஒன்று நாகப்பட்டினத்தில் போய்விட்டது. ஆவுளியாவுக்கும் அப்படி ஆக விடக்கூடாது. அதனால் நம் படத்தில் முதல் கோடு கடலுக்குள்ளேயே விழட்டும்.